குறைமாதக் குழந்தையின் கண்ணுக்குக் குறித்த திகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு வைத்தியசாலையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் தாயின் கையில், நாலைந்து திகதிகள் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். நிறை பார்க்க ஒரு நாள், ஊசி போட ஒரு நாள், காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு நாள், தாயின் தையல் காயத்துக்கு ஒரு நாள், குழந்தையின் கண்ணுக்கு ஒரு நாள். ஏனைய திகதிகளில் ஒன்று பத்து நாள் தள்ளிப்போனால், பெரும்பாலும் அதை ஈடுசெய்துகொள்ளலாம். கண்ணுக்குக் குறித்த திகதியை அப்படி ஈடுசெய்ய முடியாது. எங்களுக்குத் தரப்பட்ட அட்டையில் இந்த வேறுபாடு எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால் எங்கள் குடும்பம் இழந்தது என்ன என்பதையும், வேறொரு குடும்பம் அதை இழக்காதிருக்க மலையகத்தில் என்ன செய்யலாம் என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு முப்பத்தொரு வாரத்திலேயே பிள்ளை பிறந்தது. நிறை 1,450 கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஒட்சிசன் கொடுத்து, மூக்கில் செலுத்திய மெல்லிய குழாயால் பாலூட்டி, 24 நாட்கள் பராமரித்து, 1,780 கிராம் நிறையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தத் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. இக்கடிதத்தை அவர்கள் மீதான முறைப்பாடாக யாரும் வாசிக்க வேண்டாம். அட்டையில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளும், பிறந்ததிலிருந்து இருபத்தொன்பதாம் நாளுக்குரிய ஒரு திகதியும், கண் கிளினிக்கின் இலக்கமும் எழுதப்பட்டிருந்தன. தாதி ஒருவர் அதைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார் என்றும், தான் தலையாட்டினாள் என்றும் மகள் பின்னர் சொன்னாள்.

முப்பதாம் நாள் எங்கள் வீட்டில் தீட்டுக் கழிக்கும் நாள். அதற்கு முதல் நாள் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவதா என்று என் மனைவி கேட்டார். ஆடி மாதக் காற்றும் தூறலும் விடாமல் இருந்தன. பிள்ளையோ நன்றாகப் பால் குடித்தது, சத்தம் கேட்டால் திடுக்கிட்டது, கண்கள் கறுத்து மினுங்கின. "கண்ணுக்கு ஒன்றுமில்லை, அடுத்த கிளினிக்கில் காட்டிக்கொள்ளலாம்" என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் என்பதால் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இருப்பதில்லை; அன்றாவது யாராவது மறுத்திருக்கலாம். அடுத்த கிளினிக் நாளில் மண்சரிவால் பாதை மூடப்பட்டது. அதற்கடுத்த முறை மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஐம்பத்தைந்தாம் நாள். கண் வைத்திய நிபுணர் தலையில் விளக்கைப் பொருத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு எவரையும் ஏசாமல், எப்போது வரச் சொல்லியிருந்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

இடது கண்ணுக்கு மறுநாளே லேசர் செய்தார்கள். வலது கண்ணில் விழித்திரை ஏற்கெனவே கழன்றுவரத் தொடங்கியிருந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தும் பயனில்லை. இன்று அந்தக் கண்ணால் என் பேத்திக்கு வெளிச்சமும் கை அசைவும் தெரியும், அவ்வளவுதான். இடது கண்ணால், தடித்த கண்ணாடி அணிந்து, முன் வாங்கில் இருந்து படிக்கிறாள்.

அட்டையில் இருந்த மூன்று எழுத்துகளான ஆர்.ஓ.பி. என்பதன் பொருளை, பிந்திப் போன பிறகே தேடித் தெரிந்துகொண்டேன். குறைமாத விழித்திரை நோய் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தாயின் வயிற்றில் சுமார் பதினாறாம் வாரத்தில், சிசுவின் கண்ணுக்குப் பின்புறம் நரம்பு வந்து சேரும் இடத்திலிருந்து இரத்தக் குழாய்கள் விழித்திரையின் மேல் படரத் தொடங்குகின்றன. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவும் இவ்வேலை, மூக்குப் பக்க ஓரத்தில் முப்பத்தாறாம் வாரமளவிலும், காதுப் பக்க ஓரத்தில் ஏறத்தாழ நாற்பதாம் வாரத்திலும்தான் முடிகிறது. அதாவது, பத்து மாதமும் முழுமையாக வயிற்றில் இருந்தால்தான் விழித்திரை முழுவதற்கும் இரத்தம் போய்ச்சேரும் வழி அமைகிறது. முப்பத்தொரு வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஓரப்பகுதி இன்னும் வெறுமையாகவே இருக்கும்.

இந்தப் படர்தல் மிகக் குறைந்த ஒட்சிசனில் நடக்கும்படி அமைந்தது. பீதுருதாலகாலையின் 2,524 மீற்றர் உச்சியில் நிற்கும் ஒருவரின் இரத்தத்தில் இருப்பதைவிட எவ்வளவோ குறைவான ஒட்சிசனிலேயே சிசு வயிற்றில் வளர்கிறது. முந்திப் பிறந்தவுடன் அது சாதாரணக் காற்றுக்கு வந்துவிடுகிறது. நுரையீரல் முதிராததால் மேலதிக ஒட்சிசனும் கொடுக்க வேண்டியிருக்கிறது. போதிய ஒட்சிசன் வந்துவிட்டதென்று கண்டதும், குழாய்களை வளரச் சொல்லும் இரசாயனச் சமிக்ஞை அடங்கிப்போகிறது. தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த வளர்ச்சிச் சுரப்பும் தொப்புள்கொடியோடு நின்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்து குழாய்களைப் பாதி வழியில் நிறுத்திவிடுகின்றன. பின்னர், தாயின் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் முப்பத்திரண்டாம் வாரமளவில் தொடங்கி, விழித்திரை முதிர்ந்து அதன் தேவை பெருகுகிறது. இரத்தம் எட்டாத ஓரப்பகுதி ஒட்சிசனுக்காகத் தவிக்கிறது. அடங்கியிருந்த சமிக்ஞை இப்போது அளவுக்கு மீறி எழுகிறது.

எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்த விதத்தை வைத்தே இதை நான் விளங்கிக்கொண்டேன். ஊற்றுத் தாங்கியிலிருந்து லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக, குழாய் பதித்து வந்தவர்கள், பணம் முடிந்ததென்று நடுவில் நிறுத்திவிட்டுப் போனார்கள். கடைசி லயங்களில் இருந்தவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? கிடைத்த ரப்பர் குழாய்களைக் கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒட்டுப்போட்டார்கள். எல்லா மூட்டிலும் கசிந்தது. கசிந்த ஈரத்தில் மேட்டு மண் இளகி, ஒரு மழை நாளில் வேலியோடு சரிந்து வந்தது. விழித்திரையிலும் அவ்வாறே, தவிப்பில் முளைக்கும் புதிய குழாய்கள் ஒழுங்கான பாதையில் படராமல், குறுக்கே மேடு கட்டி, கண்ணுக்குள் எழுந்து நிற்கின்றன. அவை மெல்லியவை, கசிகின்றன, இரத்தம் கக்குகின்றன, தழும்பாகின்றன. தழும்பு சுருங்கும்போது விழித்திரையை அதன் இடத்திலிருந்து இழுத்துக் கழற்றுகிறது.

வைத்தியர்கள் இதை ஐந்து கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு கட்டங்கள் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். மூன்றாவதில் புதிய குழாய்கள் எழுகின்றன. நான்காவதில் விழித்திரை ஓரளவு கழல்கிறது. ஐந்தாவதில் முழுவதும் கழன்றுவிடுகிறது. மூன்றாம் கட்டத்தில் நிற்கும் கண்ணைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், ஐந்தாம் கட்டத்துக்குப் போன கண்ணில் பார்வை மீள்வது அரிது. இவ்விரண்டுக்கும் இடையே சில வேளை இரண்டு, மூன்று வாரங்கள்தான் இருக்கும். அதனால்தான், சிகிச்சை தேவை என்று கண்டபின் 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்கிறார்கள். முந்திச் செய்வதன் பயனும் கணக்கிடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வொன்றில், ஆபத்து மிகுந்த கண்களுக்கு முன்கூட்டியே சிகிச்சை செய்தபோது, ஒன்பது மாத வயதில் விழித்திரை கெட்டுப்போயிருந்த கண்களின் பங்கு நூற்றுக்கு 15.6இலிருந்து 9.1ஆகக் குறைந்தது.

வாசிக்கும் தாய்மார் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 1,251 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறந்த 4,099 குழந்தைகளைப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்நோய் ஏதோ ஓர் அளவில் இருந்தது. சிகிச்சை வேண்டிய அளவுக்கு முற்றியது நூற்றுக்கு ஆறு பேருக்கே. ஆனால் எந்தப் பிள்ளை அந்த ஆறில் ஒன்று என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. கண் சிவக்காது, பீளை தள்ளாது, பிள்ளை அழாது. கருமணியில் வெள்ளை தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். தோட்டத்தில் பிள்ளையின் கண்ணில் தாய்ப்பால் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணின் முன்புறம் என்ன விட்டாலும் பின்சுவரில் நடப்பதை அது தொடப்போவதில்லை.

எங்கள் பிள்ளைக்குக் கண் போனதற்கு லயத்தில் இரண்டு காரணங்கள் சொன்னார்கள். மஞ்சள் நோய்க்கு நீல விளக்கின் கீழ் வைத்ததால், பெட்டிக்குள் இரவு பகலாக வெளிச்சம் பட்டதால் என்பது ஒன்று. இது தவறு. வெளிச்சத்தைக் குறைத்தால் இந்நோய் குறையுமா என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் முறையாகப் பரிசோதித்து, குறையவில்லை என்று 1998இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒட்சிசன் வைத்ததால் என்பது மற்றது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது அதிக ஆபத்தான பேச்சு. இனி வரும் தாய் ஒருத்தி, பிள்ளைக்கு ஒட்சிசன் வைக்கவே வேண்டாம் என்று மறுத்துவிடக்கூடும்.

அந்தப் பாதி உண்மைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தியோடர் டெரி என்ற கண் வைத்தியர், முந்திப் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள் வெண்மையான தழும்புப் படலம் உண்டாவதை எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில், வசதி மிகுந்த நாடுகளின் மிகச் சிறந்த வைத்தியசாலைகளிலேயே பார்வையிழந்த பிள்ளைகள் பெருகினார்கள். உலகெங்கும் சுமார் 10,000 பேர் என்று கணிக்கிறார்கள். 1951இல் மெல்பேணில் கேட் கேம்பல் என்ற குழந்தை வைத்தியர், தாராளமாக ஒட்சிசன் கொடுத்த இடங்களிலேயே இது அதிகம் என்று சுட்டிக்காட்டினார். பின்னர் அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. உடனே எங்கும் ஒட்சிசனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வையிழப்புக் குறைந்தது; ஆனால் மூச்சுக்குப் போதாமல் இறந்த குழந்தைகளும், மூளை பாதிக்கப்பட்டுக் கைகால் வழங்காமல் போன குழந்தைகளும் கூடினார்கள். 2010இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் இதையே காட்டியது: இரத்தத்தில் ஒட்சிசன் அளவைத் தாழ்வாக வைத்தால் கண்ணுக்கு நல்லது, உயிருக்கு ஆபத்து. ஆகவே இப்போது நூற்றுக்கு 90 முதல் 95 வரையான அளவில் வைத்துக்கொள்வதே பரவலான வழக்கம். அளவுமானி பார்த்து, அளந்து கொடுக்கப்படும் மருந்து அது. உயிரைக் காப்பாற்ற ஒட்சிசன் கொடுத்தவர்களே, கண்ணைக் காப்பாற்ற ஒரு திகதியும் குறித்துக் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே சிகிச்சையின் இரு பாகங்களாக எங்கள் மக்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எங்கள் பிள்ளை அவ்வளவு சிறிதில்லையே" என்று எண்ணுவதும் ஒரு பிழை; நாங்களும் அதையே எண்ணினோம். பிரித்தானியாவில் 31 வாரத்துக்கு முன்போ 1,501 கிராமுக்குக் குறைந்தோ பிறந்தவர்களையே பரிசோதிக்கிறார்கள். அந்த அளவுகோலில் எங்கள் பேத்தி விளிம்பில் நின்றிருப்பாள். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்தோ பிறந்த அனைவரையும், வேறு நோய்களோடு பிறந்திருந்தால் அதற்கும் பெரிய பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். அங்கே சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் நோய் முற்றுவதை அனுபவத்தில் கண்டதால் வகுத்த விதி அது. இத்தகைய பெரிய குழந்தைகளுக்குத்தான் திகதி தவறும் வாய்ப்பும் அதிகம். 900 கிராமில் பிறந்த பிள்ளைக்கு முதல் கண் பரிசோதனை வரும்போது அது வைத்தியசாலையிலேயே இருக்கும். வைத்தியர் கட்டிலருகே வந்து பார்ப்பார். 1,500 கிராமில் பிறந்த பிள்ளை அதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். அதைச் சுமந்துகொண்டு மலையிறங்கிப் போகும் பொறுப்பு ஒரு தாயின் தலையில் விழுகிறது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பெருந்தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் பங்கு நாட்டின் சராசரியைவிட உயர்வாகவே இருந்துவருகிறது. அவர்களில் பலர் மாதம் நிறைந்து பிறந்து, தாயின் இரத்தச்சோகையாலும் போசாக்கின்மையாலும் மெலிந்தவர்கள். பத்து மாதமும் நிறைந்து 2,200 கிராமில் பிறந்த பிள்ளைக்கு இந்த நோயைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. கணக்கில் எடுக்க வேண்டியது முதலில் வாரம், பிறகுதான் நிறை.

முதல் பரிசோதனை வழக்கமாகப் பிறந்து நான்கு வாரமளவில் வருகிறது. எங்கள் சனங்களிடையே தாயும் பிள்ளையும் வெளியே இறங்கக் கூடாத முப்பது நாளும் அப்போதுதான் முடிகின்றன. இப்படி நாள் பார்த்து மோதும் இரண்டு கடமைகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. தீட்டை நான் இகழவில்லை. பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வும், பிள்ளைக்குத் தொற்றிலிருந்து காப்பும் கொடுத்த வழக்கம் அது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த முப்பது நாளுக்குள்ளும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் அல்லவா? கண் பரிசோதனையையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்று கோயில் பூசகரும் வீட்டுப் பெரியவர்களும் ஒரு வார்த்தை சொன்னால், எந்த வைத்தியரின் அறிவுரையைவிடவும் அது வேகமாக லயத்துக்கு லயம் போகும்.

பரிசோதனையும் பார்க்க இலகுவானதன்று. கருமணி விரிய மருந்து விட்டு, இமைகளைச் சிறு கம்பியால் விரித்துப் பிடித்து, பிள்ளை வீறிட்டு அழ அழப் பார்ப்பார்கள். முதல் முறை அதைக் கண்ட தாய் இரண்டாம் முறை போக மனம் ஒவ்வாமல் நின்றுவிடுவதுண்டு. ஆனால் ஒரு தடவை பார்த்து நன்று என்றால் முடிந்துவிட்டதாகாது. குழாய்கள் ஓரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று வைத்தியர் சொல்லும்வரை, நிலைமையைப் பொறுத்து ஒவ்வொரு வாரமோ இரு வாரமோ போய்க்கொண்டே இருக்க வேண்டும். லேசர் செய்வது, இரத்தம் எட்டாத ஓரத்தைச் சுட்டு, அங்கிருந்து எழும் தவிப்பை அடக்குவதற்கு. கண்ணுக்குள் ஊசியால் மருந்து செலுத்தும் முறையும் இப்போது இருக்கிறது. அந்த மருந்து குழாய்களை விரைவில் அடக்கினாலும், பல வாரம் கழித்து நோய் திரும்ப வரக்கூடும் என்பதால், ஊசி போட்ட பிள்ளையை இன்னும் நீண்ட காலம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு பயணம். மேட்டு லயத்திலிருந்து பாதைக்கு இறங்க முக்கால் மணித்தியாலம், அங்கிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து கீழே இன்னொரு பஸ். காலை எட்டு மணிக்கு இலக்கம் எடுக்க வேண்டுமானால் நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டும்; அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். போய்வரும் ஆட்டோக் கூலி பல நாள் சம்பளம். கூடப் போகும் கணவனுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், இல்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அவசர நோயாளருக்கானது. கிளினிக் பயணத்துக்கு அதை அழைக்க முடியாது. இரண்டு வாரத்துக்கொரு தடவை, நான்கு தடவை போக வேண்டும் என்றால் எந்தக் குடும்பமும் மூன்றாம் தடவையில் தயங்கும். அதை அசட்டை என்று எழுதிவிடுவது எளிது.

சிகிச்சை தேவைப்படாமலே தப்பிய பிள்ளைகளைப் பற்றியும் ஆசிரியன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முந்திப் பிறந்தவர்களுக்கு, விழித்திரை நோய் வந்திராவிட்டாலும், கிட்டப்பார்வை, இரு கண்களின் திறனிலும் வேறுபாடு, மாறுகண், ஒரு கண்ணை மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடும் சோம்பல் கண் ஆகியவை ஏனைய பிள்ளைகளைவிட அதிகமாக வருகின்றன. லேசர் செய்த கண்ணில் கிட்டப்பார்வை மிகக் கூடுதலாக இருக்கும். பல வருடம் கழித்தும் விழித்திரை கழலலாம். சிலருக்குக் கண் நன்றாகவே இருந்து, பார்ப்பதை விளங்கிக்கொள்ளும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்குத் தனி எழுத்துத் தெரியும், நெருக்கி எழுதிய வரியில் அதே எழுத்து மறைந்துவிடும்; படியிறங்கும்போது கீழ்ப்பக்கம் தெரியாமல் தடுமாறுவார்கள்; கூட்டத்தில் தாயைத் தேடிப்பிடிக்க மாட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த, எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன் என்று ஊரே சொன்ன ஒரு பையன், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரிகளைத் தாண்டித் தாண்டி எழுதுவான். கவனமில்லாதவன் என்று பல முறை அவன் கையில் பிரம்பு வைத்திருக்கிறேன். அவனுடைய கண்ணை யாராவது பார்த்தார்களா என்று அப்போது ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

ஆகவே, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு வயதளவில் கண்ணைப் பார்த்து, தேவையானால் கண்ணாடி போட்டு, பாடசாலை செல்லும் வரை ஆண்டுதோறும் தொடர்வது நல்லது. சோம்பல் கண்ணைச் சிறு வயதிலேயே, நல்ல கண்ணை மறைத்துப் பழக்கித் திருத்தலாம்; எட்டு வயதுக்கு மேல் அது கடினமாகிவிடுகிறது. தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் முதலாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் எந்தப் பிள்ளை முந்திப் பிறந்தது என்பது தெரிந்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

இனி நான் வேண்டுவனவற்றுக்கு வருகிறேன். பெரிய கட்டடமோ புதிய சட்டமோ இவற்றுக்குத் தேவைப்படாது. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டின் முன் அட்டையிலேயே, கண் பரிசோதனைத் திகதியைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில், "இத்திகதியைப் பிற்போட்டால் பிள்ளை பார்வையிழக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தோடு ஒட்டிவிடலாம். ஒரு இறப்பர் முத்திரை அடித்தால்கூடப் போதும். தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்லியிருக்கும் நாட்டில் அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்கள், நிறையும் பாலும் கேட்கும்போது, எத்தனை வாரத்தில் பிறந்தது, கண்ணைக் காட்டினீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். திகதி தவறியிருந்தால் அடுத்த மாதக் கிளினிக்கில் சொல்லாமல், அன்றே தொலைபேசியில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

வாகனத்தைத் தோட்ட நிர்வாகங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஓர் ஆண்டில் இத்தகைய பிள்ளைகள் சிலரே பிறப்பார்கள். நான்கைந்து பயணங்களுக்கு வாகனமும், கூடப் போகும் ஒருவருக்கு அன்றைய முழுப் பேரும் கொடுப்பதால் எந்தக் கொம்பனியும் நட்டப்படப்போவதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாதாடும் தொழிற்சங்கங்கள் இதையும் மேசையில் வைத்தால், மறுப்பதற்குக் காரணம் தேடுவது நிர்வாகத்துக்குச் சிரமமாகவே இருக்கும்.

அதைவிட நல்ல வழி, பிள்ளை கீழே போகாமல் பரிசோதனை மேலே வருவது. கர்நாடக மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு முதல், கிட்ராப் என்ற திட்டத்தின் கீழ், பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள் விழித்திரையைப் படம்பிடிக்கும் கமராவை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு சிறு நகரங்களின் குழந்தைப் பிரிவுகளுக்குப் போகிறார்கள். படங்கள் பெங்களூரில் இருக்கும் நிபுணரின் பார்வைக்கு உடனே அனுப்பப்படுகின்றன. நுவரெலியா, டிக்கோயா, பதுளை வைத்தியசாலைகளுக்கிடையே அப்படி ஒரு கமரா வாரம் ஒருமுறை சுற்றிவந்தால், கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் நிபுணர் தம் இடத்திலிருந்தே பார்த்துச் சொல்லலாம். சிகிச்சை வேண்டிய சில பிள்ளைகள் மட்டும் மலையிறங்கினால் போதும். நம் நாட்டில் நிபுணர்கள் இருக்கிறார்கள், இலவச வைத்தியம் இருக்கிறது, பெரிய வைத்தியசாலைகளில் இப்பரிசோதனையும் நடக்கிறது. தூரத்தைக் கடப்பதற்குத்தான் வழி செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கெல்லாம் காலம் எடுக்கும். இதற்கிடையில், கடந்த சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தோட்டக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வைத்தியசாலை அட்டைகளை வாசிக்கத் தெரியாதவர்கள் கொண்டுவருகிறார்கள். திகதிகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் கொடுத்த அட்டைகள்தான். போன ஞாயிறு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளம் தாய், துவாயில் சுற்றிய பிள்ளையோடு வந்து ஓர் அட்டையை நீட்டினார். முப்பத்திரண்டு வாரம், 1,600 கிராம். அதே மூன்று எழுத்துகள். திகதி மறுநாளுக்கு இருந்தது. தீட்டு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்றார். என் பேத்தி அப்போது மண்டபத் தூணருகே, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். மறுநாள் விடிய முதல் பஸ்ஸிலேயே போனதாகச் சொல்லியனுப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.